உணவுக் கொள்கையை மக்கள் எப்படி மாற்றுகிறார்கள்?

ஒரு விவசாயி தன் நிலத்தில் ரசாயன உரத்தைக் குறைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டு மண் களைத்துவிட்டது. இனி பயறும் தானியமும் மாற்றி மாற்றிப் போடலாம் என்பது அவர் எண்ணம். நல்ல யோசனைதான். ஆனால் வங்கிக்குப் போனால், பட்டியலில் உள்ள பயிருக்குத்தான் கடன் என்கிறார்கள். உர மூட்டைக்கு மானியம் உண்டு, தொழுவுரத்துக்குக் கிடையாது. அரசு கொள்முதல் செய்வது ஒன்றிரண்டு விளைபொருளை மட்டும். வேறு எதை விளைவித்தாலும் வாங்க ஆள் தேடி அலைய வேண்டும். பயிர்க் காப்பீடும் அப்படியே. எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வீடு திரும்பும் அவர், அடுத்த பருவத்திலும் பழைய பயிரையே விதைக்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவர் "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த விவசாயிக்கு எல்லாம் தெரியும். அவர் விதையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு தாளில் அந்த முடிவு எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தாளுக்குத்தான் கொள்கை என்று பெயர். அந்தத் தாளோடு வாழ வேண்டியவர்களே ஒன்றுசேர்ந்து அதைத் திருத்தி எழுத வைப்பதும் உண்டு. அந்த வேலைக்குக் கனமான பெயர்கள் பல இருக்கின்றன. நான் இங்கே மக்கள் பரப்புரை என்றே சொல்கிறேன். புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு அது என்ன, எப்படி நடக்கிறது என்று விளக்குவதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

நீடித்த வேளாண்மை என்பது, இன்றைய விளைச்சலுக்காக நாளைய விளைச்சலை அடமானம் வைக்காத விவசாயம். மண்வளம், நிலத்தடி நீர், தேனீ, மண்புழு எல்லாம் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்ச வேண்டும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் உழுபவரின் வருமானமும் கூலிக்கு வேலை செய்பவரின் உடல்நலமும் இதில் சேர்த்தி. மண் செழித்து, உழுபவர் கடனில் மூழ்கினால் அந்த விவசாயம் நீடிக்காது. அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

உணவுக் கொள்கை என்று ஒரே சட்டப் புத்தகம் எங்கும் இருப்பதில்லை. வேளாண் துறையின் மானியம், நிதித் துறையின் இறக்குமதி வரி, உணவில் எவ்வளவு பூச்சிமருந்து மிஞ்சலாம் என்று சுகாதாரத் துறை வைக்கும் வரம்பு, கல்வித் துறையின் பள்ளி உணவு, நகராட்சியின் சந்தை உரிமம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பண்ணைச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றுவார்கள். பெயரில் பண்ணை இருந்தாலும் அதன் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏழைக் குடும்பங்களின் உணவு உதவிக்குத்தான் போகிறது. ஐரோப்பாவில் பொது வேளாண் கொள்கை 1962இல் தொடங்கியது. இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி நிலப் பரப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படுவதால், நிலம் அதிகம் உள்ளவருக்கே பணமும் அதிகம். அந்த நிலத்தை அவர் எப்படி நடத்தினார் என்ற கேள்வி நெடுங்காலம் பின்னால்தான் நின்றது.

சரி, ஒவ்வொருவரும் தன் வயலில் நல்ல முறையைக் கடைப்பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். அது மதிப்புள்ள வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து விழுவதை யாராலும் தனியாகத் தடுக்க முடியாது. எந்த நேரத்தில் தெளிக்கலாம், காற்று எவ்வளவு வேகமாக இருந்தால் தெளிக்கக் கூடாது, வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் எவ்வளவு தள்ளித் தெளிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும். விதி வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிட்டால் பரப்புரை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உர நிறுவனங்களும் விதை நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. அவர்களிடம் சம்பளத்துக்கு ஆட்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அமைச்சக வராந்தாவில் ஆண்டு முழுவதும் காத்திருக்க அவர்களால் முடியும். சாதாரண மக்களிடம் இருப்பது எண்ணிக்கையும் நேரடி அனுபவமும்தான். இவை சிறிய ஆயுதங்கள் என்று தோன்றும். எப்போது வேலை செய்கின்றன, எப்போது செய்வதில்லை என்பதை நடந்த கதைகளை வைத்தே பார்ப்போம்.

திரும்பி வராத தேனீக்கள்

1990களின் நடுவில் பிரான்சில், சூரியகாந்தி வயல்களுக்கு அருகே பெட்டி வைத்திருந்த தேனீ வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தேனெடுக்கப் போன தேனீக்கள் திரும்பி வரவில்லை. பெட்டிக்கடியில் செத்துக் கிடந்தாலாவது எண்ணிக் காட்டலாம். இவை காணாமலே போயின. அந்தச் சமயத்தில்தான் சூரியகாந்தி விதைகளின் மேல் இமிடாகுளோப்ரிட் என்ற புதிய பூச்சிக்கொல்லியைப் பூசி விற்கத் தொடங்கியிருந்தார்கள். விதையில் பூசிய மருந்து, வளரும் செடி முழுக்க ஏறும். மகரந்தத்திலும் பூந்தேனிலும்கூடச் சிறிதளவு சேரும்.

தேனீ வளர்ப்பவர்கள் புகார் சொன்னபோது, மகரந்தத்தில் இருக்கும் அளவு தேனீயைக் கொல்லப் போதாது என்ற பதில் வந்தது. சோதனைக்கூடக் கணக்குப்படி அது சரிதான். எவ்வளவு மருந்து கொடுத்தால் தேனீ சாகும் என்பதைத்தான் அந்தச் சோதனைகள் அளந்தன. பெட்டியருகே நின்றவர்களின் கேள்வி வேறு: எவ்வளவு மருந்து பட்டால் தேனீக்கு வீட்டுக்கு வழி மறந்துபோகும்? வழி தெரியாத தேனீ வெளியே கிடந்து சாகும். அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

எனக்கு இந்தக் கதை மிகவும் முக்கியமாகப் படுவது இதனால்தான். வயலில் நிற்பவர்களுக்கு உணர்ச்சி மட்டுமே உண்டு, அறிவு ஆய்வகத்தில்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே சரியான கேள்வியைக் கேட்டவர்கள் வயலில் நின்றவர்கள்.

அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், நீதிமன்றம் போனார்கள், விஞ்ஞானிகளைத் தேடிப் பேசினார்கள். 1999இல் பிரான்ஸ் அரசு சூரியகாந்தி விதையில் அந்த மருந்தைப் பூசுவதை நிறுத்திவைத்தது. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் நுண்ணிய ரேடியோ பட்டைகளை ஒட்டிப் பார்த்தார்கள். அதே வகை மருந்து கொல்லாத அளவில் கொடுக்கப்பட்ட தேனீக்களில் பெட்டிக்குத் திரும்பாதவை அதிகம் என்று தெரிந்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2018இல் திறந்த வயல்களில் அவற்றைப் பயன்படுத்தவே தடை வந்தது. பெட்டியருகே எழுந்த கேள்வி கண்டம் முழுமைக்குமான விதியாக மாற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அத்தனை காலம் யாரோ ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் என்பேன். எந்தத் தேதியில், எந்த வயலில், எதைத் தெளித்தார்கள், என்ன நடந்தது என்று எழுதிவைக்க வேண்டும். "இந்தப் பக்கமெல்லாம் தேனீயே இல்லை" என்றால் அது புலம்பலாகப் போய்விடும். பத்துப் பேர் மூன்று ஆண்டு எழுதிய குறிப்பைக் கொண்டுபோய் வைத்தால், அதிகாரி அதற்கு ஏதாவது ஒரு பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

சட்டம் வந்தபின் வரும் சின்ன எழுத்துகள்

1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்கை விளைபொருள் சட்டத்தை நிறைவேற்றியது. இயற்கை முறையில் விளைந்தது என்று முத்திரை குத்துவதற்கு நாடு முழுவதற்கும் ஒரே வரையறை வேண்டும் என்று விவசாயிகளும் நுகர்வோரும் கேட்டு வந்தார்கள். சட்டம் வந்துவிட்டது, வெற்றி என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளை வேளாண் துறை எழுத வேண்டும். அந்த வரைவு வெளிவரவே ஏழு ஆண்டுகள் ஆயின.

1997 டிசம்பரில் வரைவு வந்தது. அதைப் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். மரபணு மாற்றப்பட்ட பயிர்கள், கதிர்வீச்சு பாய்ச்சிய உணவு, சாக்கடைக் கசடை உரமாகப் போட்ட நிலம் ஆகிய மூன்றும் இயற்கை என்ற முத்திரைக்குள் நுழைய அதில் இடம் விடப்பட்டிருந்தது. அந்த நாட்டு நடைமுறைப்படி, வரைவு விதி வெளியானால் குறிப்பிட்ட காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். துறை அவற்றைப் பரிசீலித்தாக வேண்டும். விவசாயிகள், சிறு கடைக்காரர்கள், கூட்டுறவுக் கடை உறுப்பினர்கள், தாய்மார்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். வந்து குவிந்த கருத்துகள் 2,75,000க்கும் மேல். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் துறை புதிய வரைவை வெளியிட்டது. மூன்றும் நீக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இறுதி விதி வந்தது.

எண்ணிக்கை பெரிதுதான். ஆனாலும் இத்தனை கடிதங்கள் பொதுவாக "இயற்கை விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒரு மரியாதையான நன்றிக் கடிதம் வந்திருக்கும், அவ்வளவே. இந்த வரைவு, இந்த மூன்று விஷயங்கள், இவற்றை எடுத்துவிடுங்கள் என்று கேட்டதால்தான் அது வேலை செய்தது. கேட்ட நேரமும் சரி. கருத்துக் கேட்புக் காலம் முடிந்த மறுநாள் அனுப்பும் பத்தாயிரம் கையெழுத்தைவிட, முடியும் முன் அனுப்பும் நூறு கடிதங்களுக்கு எடை அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மக்கள் குரலுக்கு இப்படி ஒரு மரியாதை இருப்பதால், அதைப் போலியாகத் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். விவசாயிகள் சங்கம் என்ற மாதிரி ஒரு பெயர் இருக்கும், பின்னால் ஒரு நிறுவனத்தின் பணம் இருக்கும். மக்களிடமிருந்து தானாக முளைக்கும் இயக்கத்தை ஆங்கிலத்தில் புல்வேர் என்பார்கள்; அதனால் இந்தப் போலிக்குச் செயற்கைப் புல் என்று பெயர். ஓர் அமைப்பில் சேரும் முன் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, முடிவெடுக்கும் இடத்தில் உண்மையான விவசாயிகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

எந்தக் கதவு?

கொள்கை என்றதும் நாம் அரசாங்கத்தை மட்டும் நினைக்கிறோம். பிளோரிடா மாநிலத்தின் இம்மோக்கலி என்ற ஊரில் தக்காளி பறித்த கூலித் தொழிலாளர்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது. சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்த 1935ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழிலாளர் சட்டம், பண்ணைத் தொழிலாளர்களை விலக்கியே எழுதப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹைதி நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூலி வாளிக் கணக்கில். ஒரு வாளி 32 பவுண்டு எடை, அதாவது ஏறத்தாழ பதினான்கரை கிலோ. அதைப் பறித்து நிரப்பித் தோளில் சுமந்து லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ அரை டாலர்.

1993இல் அவர்கள் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். முதலில் பண்ணை முதலாளிகளிடம் கேட்டார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். பெரிதாக எதுவும் நகரவில்லை. அப்புறம் அவர்கள் தக்காளியின் பின்னாலேயே நடந்து பார்த்தார்கள் என்று சொல்லலாம். இந்தத் தக்காளியை வாங்குவது யார்? விலையைக் கீழே கீழே அழுத்துவது யார்? பதில், பெரிய உணவக நிறுவனங்கள். 2001இல் டாக்கோ பெல் நிறுவனத்தைப் புறக்கணிக்கும் போராட்டம் தொடங்கியது. மாணவர்களும் தேவாலயங்களும் சேர்ந்துகொண்டார்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள், அது நேராகத் தொழிலாளிக்குப் போகட்டும் என்பதுதான் மையக் கோரிக்கை. சாப்பிடுபவருக்கு ஒரு சென்ட் தெரியவே தெரியாது. தொழிலாளிக்கோ வாளிக்கு 32 சென்ட். 2005இல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக வந்தன. 2011இல் பண்ணைகளில் நிழல், குடிநீர், புகார் சொல்ல வழி, வெளியாள் தணிக்கை எல்லாம் சேர்ந்த ஒரு திட்டமாக அது வளர்ந்தது. விதியை மீறும் பண்ணையிடம் அந்த நிறுவனங்கள் தக்காளி வாங்கக் கூடாது என்பதுதான் அதன் பல்.

நீதிமன்றம் என்ற கதவும் உண்டு. 2001இல் இந்தியாவில் அரசுக் கிடங்குகளில் தானியம் மலைபோல் குவிந்து கெட்டுக்கொண்டிருந்தது. அதே சமயம் வறட்சிப் பகுதிகளில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கைச் சுற்றி உணவு உரிமை இயக்கம் வளர்ந்தது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

உலக அளவிலும் ஒரு கதவைத் தட்டியிருக்கிறார்கள். 1993இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் பல நாட்டுச் சிறு விவசாயிகள் சேர்ந்து லா வியா கம்பெசினா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1996இல் ரோம் நகரில் உலக உணவு மாநாடு நடந்தபோது உணவு இறையாண்மை என்ற சொல்லை முன்வைத்தது அவர்கள்தான். உணவு கிடைப்பது மட்டும் போதாது, எதை எப்படி விளைவிப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் மக்களுக்கு வேண்டும் என்பது அதன் பொருள். 2018 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை உழவர்கள் மற்றும் கிராமப்புறத்தில் உழைப்போரின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 121, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 54. பிரகடனம் சட்டம் ஆகாது. ஆனால் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. சொன்ன தாள் ஒன்று கையில் இருப்பது, உள்ளூரில் வாதாடுபவருக்குப் பெரிய துணை.

இத்தனையையும் ஒரு புதியவர் எப்படிப் பயன்படுத்துவது? உங்களை வருத்தும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். சட்டமா, விதியா, அரசாணையா, வெறும் டெண்டர் நிபந்தனையா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடுபவர் யார், அது அடுத்து எப்போது திருத்தப்படும்? பட்ஜெட் தயாராவதற்கு முன்னால் கேட்பதும் பின்னால் கேட்பதும் ஒன்றாகாது. பலர் அமைச்சருக்கு மனு எழுதிவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். அவர்கள் கேட்டதோ ஒரு நகராட்சி அதிகாரி தன் மேசையிலேயே மாற்றிவிடக் கூடிய விஷயமாக இருக்கும். முடிந்தால் மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதிகாரிக்கு வேலை குறையும், உங்கள் சொல் அப்படியே உள்ளே போக வாய்ப்பும் கூடும்.

நல்ல நோக்கம் இருந்தும் தோற்ற கதை

2021இல் இலங்கை அரசு நாட்டை முழுக்க இயற்கை விவசாயத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்து, அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து ரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். விவசாயிகளைக் கலந்து பேசவில்லை. மாற்று உரம் போதுமான அளவில் தயாராக இல்லை. நெல்லும் தேயிலையும் கடுமையாக அடிவாங்கின. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு மறுபடி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

இயற்கை விவசாயமே தப்பு என்பதற்கு ஆதாரமாக இதைப் பலர் காட்டுகிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ரசாயனத்தை ஆண்டாண்டாய்க் குடித்த மண் ஒரே பருவத்தில் பழக்கத்தை விடாது. எந்த மண்ணுக்கு எத்தனை ஆண்டு ஆகும், முதல் இரண்டு ஆண்டு நட்டத்தை யார் தாங்குவது, உரத்துக்கு எவ்வளவு மாடு வேண்டும், எவ்வளவு ஆள் வேண்டும் என்பதெல்லாம் விவசாயிகளிடம் கேட்டிருந்தால் முதல் கூட்டத்திலேயே தெரிந்திருக்கும்.

ஆந்திரத்தில் 2000களின் நடுவில் பூச்சிக்கொல்லி இல்லாத சாகுபடியைப் பரப்பியபோது, ஏற்கெனவே ஊர் ஊராக இருந்த பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாகவே போனார்கள். முதலில் செய்து பார்த்த விவசாயியே அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மத்திய அமெரிக்காவிலும் கியூபாவிலும் உழவரிடமிருந்து உழவருக்கு என்று இதே முறை வேரூன்றியிருக்கிறது. சிக்கிம் 2003இல் இயற்கை விவசாயத்துக்கு மாற முடிவெடுத்தது. முழுக்க மாறிவிட்டதாக அறிவிக்க 2016 வரை ஆனது. வேகம் குறைவுதான். ஆனாலும் இடையில் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது.

விலை என்ற முள்

மக்கள் பரப்புரை என்று பொதுவாகச் சொல்லும்போது ஒரு விஷயம் மறைந்துபோகிறது: மக்கள் ஒரே பக்கத்தில் இல்லை. விவசாயிக்கு நல்ல விலை வேண்டும். வாங்கிச் சாப்பிடும் ஏழைக்கு விலை குறைய வேண்டும். கூலிக்காரருக்குக் கூலி உயர வேண்டும். அது சிறு விவசாயியின் கையிலிருந்துதான் போகும். கூட்டணி அமைக்கும்போது இதைப் பேசாமல் தவிர்த்தால், முதல் கஷ்டத்திலேயே கூட்டணி உடையும். நுகர்வோரும் உழவரும் ஒரே மேடையில் நின்று கோஷம் போடுவது சுலபம். எந்த விலை, யார் பையிலிருந்து என்று உட்கார்ந்து பேசுவதுதான் கடினம்.

இந்த முள்ளை எடுக்க பிரேசில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பொதுப்பள்ளிகளில் ஏறத்தாழ நான்கு கோடிப் பிள்ளைகள் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். அத்தனை பெரிய கொள்முதல் முன்பெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கே போகும். சிறு விவசாயி டெண்டரில் நுழையவே முடியாது. முன்வைப்புத் தொகை, பெரிய அளவு, குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றும் தடை. விவசாயச் சங்கங்கள், ஊட்டச்சத்து நிபுணர்கள், நிலமற்றோர் இயக்கம் எல்லோரும் பல ஆண்டு பேசியதன் விளைவாக 2009இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்க வேண்டும் என்றது அது. 2026 முதல் அந்த அளவு 45 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது சதவீதத்தைவிட, வாங்கும் முறை. வழக்கமான டெண்டருக்குப் பதில் பொது அழைப்பு என்ற எளிய முறையை அனுமதித்தார்கள். சந்தை விலையை விசாரித்து விலையை முன்பே அறிவித்துவிடுவார்கள். யார் குறைவாகக் கேட்பது என்ற போட்டி கிடையாது. உள்ளூர்க்காரருக்கும் பழங்குடிகளுக்கும் நிலச் சீர்திருத்தக் குடியிருப்புகளுக்கும் முன்னுரிமை. இயற்கை முறையில் விளைந்ததற்கு 30 சதவீதம் வரை கூடுதல் விலை கொடுக்கலாம். விவசாயிக்கு விலை கிடைக்கிறது, பிள்ளைக்கு உணவு இலவசம், இடைவெளியைப் பொதுப்பணம் தாங்குகிறது. டெண்டர் நிபந்தனையில் எது சிறு விவசாயியைத் தடுக்கிறது என்று அறிந்தவர்கள் எழுதும் இடத்துக்கு அருகே இருந்ததால்தான் இத்தனை நுணுக்கம் உள்ளே வந்தது.

அவர்கள் அருகே இருந்ததற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தேசிய உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்லும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இடம் மக்கள் அமைப்புகளுக்கு, ஒரு பங்குதான் அரசுக்கு. 1993இல் தொடங்கி, 1995இல் மூடப்பட்டு, 2003இல் மறுபடி வந்தது. 2019 ஜனவரி 1 அன்று, புதிய அரசு பதவியேற்ற முதல் நாளிலேயே அதைக் கலைத்தது. அடுத்த மாதமே பல நகரங்களில் சமையல்காரர்களும் விவசாயிகளும் பொது இடங்களில் பந்தி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் உணவு பரிமாறி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2023இல் புதிய அரசு வந்தபிறகுதான் மன்றம் திரும்பி வந்தது.

நான்கு ஆண்டு மன்றம் இல்லாதபோதும் அந்த 30 சதவீத விதி நின்றது. அது ஆலோசனையாக இல்லாமல், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாக இருந்தது ஒரு காரணம். கீழே ஊர் ஊராக ஒரு கண்காணிப்பு இருந்தது இன்னொன்று. ஒவ்வொரு நகராட்சியிலும் பள்ளி உணவுக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். பெற்றோர், ஆசிரியர், மக்கள் அமைப்பினர், அரசுப் பிரதிநிதி அதில் உறுப்பினர்கள். அரசுப் பிரதிநிதி தலைவராக முடியாது. குழு இல்லாத நகராட்சிக்கு மத்தியப் பணத்தை நிறுத்திவைக்கலாம். எல்லா நகராட்சிகளும் 30 சதவீதத்தை எட்டிவிடவில்லை. சில இடங்களில் குழு பெயரளவுக்கே இருக்கிறது. உயிரோடு இருக்கும் குழுவில், ஒரு பிள்ளையின் அம்மா கணக்குக் கட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, இந்த மாதம் வாங்கிய காய்கறி யார் வயலிலிருந்து வந்தது, ரசீது எங்கே என்று கேட்கிறார். நகராட்சி பதில் சொன்ன பிறகுதான் அந்த ஆண்டுக் கணக்கில் குழுவின் கையெழுத்து விழும்.